எத்தனையாவது நாள்

வூச் என்ற இந்த ஊர்ப்பெயருக்குப் படகு என்று பொருள்.
கடலுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும்.
எங்களிடம் இருப்பது டிராம்தான்.

பதினோரு வருடம் ஓட்டினேன்.
ஒன்பதாம் வருடம், நவம்பர், தூறல்.
தண்டவாள இணைப்பில் சக்கரம் வழக்கம்போல் தடக்கென்றது.
அன்று மட்டும் அது ஓர் ஆளைப் போலக் கேட்டது.

கண்ணாடியில் பார்த்தேன். யாருமில்லை.
யாருமில்லை என்பதை
இன்னொருமுறை பார்த்தேன்.

பணி முடிந்ததும் அந்தத் தடத்தையே நடந்தேன்,
நான்கு கிலோமீட்டர், கைவிளக்கோடு.
ஒரு கையுறை கிடைத்தது. குழந்தையுடையது.
வீட்டுக்குக் கொண்டுவந்து
இரத்தம் இருக்கிறதா என்று விடியும்வரை தேடினேன்.
சிவப்புக் கையுறை வேறு.

ஓட்கா இங்கே சின்னக் குப்பியிலும் வரும்.
குட்டிக் குரங்கு என்று அதற்குச் செல்லப்பெயர்.
ஒன்று குடித்தால் பாதித் தடத்தில் திரும்பிவிடலாம்.
இரண்டு குடித்தால் போகாமலே இருந்துவிடலாம்.
மூன்றாவது எதற்கென்று எனக்குத் தெரியாது,
அதுவாக வந்து தோளில் உட்கார்ந்தது.
காலையில் முந்தைய நாள் மங்கலாக இருக்கும்.
மங்கலில்தான் ஆட்கள் சாவார்கள்.
மறுபடி கைவிளக்கு.

ஊதிக்காட்டச் சொல்வதற்கு முன்
நானே பணிமனையில் சாவியை வைத்தேன்.
வைத்தேனா என்று பார்க்க
ஆறுமுறை திரும்பிப் போனேன்.

குடிநோய்ப் பிரிவில் சொன்னார்கள்:
முதலில் பயத்தைச் சரிசெய்துகொண்டு வா,
நீ பாதிக் கூட்டத்தில் எழுந்து ஓடுகிறாய்.
மனநலப் பிரிவில் சொன்னார்கள்:
முதலில் ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்டு.
இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஒரு டிராம் நிறுத்தம்.
அங்கே உட்கார்ந்து குடித்ததுதான் அதிகம்.

டாக்டர் போக்னா வில்ச்செக் எதற்கும் 'முதலில்' போடவில்லை.
அந்தக் கையுறை இப்போது எங்கே, என்று கேட்டார்.

அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்.
டிராமில் கடைசி இருக்கையில் உட்கார்.
தடக்கென்று கேட்கும். திரும்பாதே.
'கொன்றிருக்கலாம்' என்று சொல்.
அந்த 'லாம்'ஐ அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோ.
அதன்மேல் எதையும் ஊற்றாதே.

முதல்நாள் இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி வாந்தியெடுத்தேன்.
நடுக்கம் குடி விட்டதாலா, பயத்தாலா?
இரண்டுக்கும் ஒரே கைதான் நடுங்கியது.
மார்ச்சில் முனையம்வரை போனேன்.

வியாழன் மாலைக் கூட்டத்தில்
எல்லோரும் நாள் சொல்வார்கள்.
ஸெனோபியுஷ், நெசவாலையின் பழைய கொதிகலன்காரர்,
முப்பதுக்கு ஒரு தகரவில்லை, தொண்ணூறுக்கு இன்னொன்று தருவார்.
நான் நாற்பத்தொன்று என்றேன்.
அன்றிரவு நினைவு வந்தது:
உடன் வேலை பார்த்தவளின் பிறந்தநாள் கேக்.
அதில் ரம் இருந்ததா?

பேக்கரிக்கு மூன்றுமுறை தொலைபேசினேன்.
இல்லை என்றாள். இல்லை என்றாள்.
இல்லையம்மா, என்றாள்.
நாட்காட்டியை அழித்து ஒன்றிலிருந்து தொடங்கினேன்,
பிறகு நாற்பத்திரண்டிலிருந்து, பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.
நாட்களின் மேல் கைவிளக்கோடு நடந்துகொண்டிருந்தேன்.

போக்னா நாட்காட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.
ஸெனோபியுஷுக்குக் கோபம்.
எண்ணாமல் ஒருவன் எப்படிக் குடிக்காமல் இருப்பான்?
அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.
ஒரு வாரம் இருவரும் தொலைபேசியில் சண்டையிட்டார்கள்,
நடுவில் நான், தொட்டுக்கொள்ளாத தேநீரோடு.

இந்த வியாழன் என் முறை வந்தது.
யோவிதா, எத்தனையாவது நாள்?

தெரியாது, என்றேன்.
இன்று குடிக்கவில்லை.

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
ஸெனோபியுஷ் வில்லை டப்பாவைக் கிளறிப்பார்த்து
இதற்கென்று ஒன்றும் அடிக்கவில்லையே, என்று முணுமுணுத்து
சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

திரும்பும்போது டிராமில் கடைசி இருக்கை.
இணைப்பில் தடக்கென்றது.
முதுகு முழுக்கத் திரும்பப் பார்த்தது, நான் திரும்பவில்லை.

கேக்கில் ரம் இருந்திருக்கலாம்.