கம்பம் பிடித்தவன்

புசி ஆற்றங்கரையில், பெய்ரா போகும் சாலையில்
லாரி டயருக்கு ஒட்டுப் போடுகிறவன் நான்.
கோயிலுக்குப் போகிறவள் என் மனைவி ஃபெலிஸ்மீனா.
ஞாயிறு காலை அவள் தலையில் வெள்ளைத் துணி கட்டும்போது
நான் டியூபைத் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருப்பேன்.
குமிழி வந்தால் ஓட்டை.
வராவிட்டால் ஒன்றுமில்லை.
கடவுளைப் பற்றியும் அவ்வளவுதான் என் கணக்கு.

மார்ச்சில் ஓர் இரவு
கடல் வழிதவறி ஆற்றுக்குள் வந்தது,
ஆறு வழிதவறி எங்கள் அடுப்படிக்குள்.

மூன்று இரவு மாமரத்தில் இருந்தோம்.
மேல்கிளையில் ஃபெலிஸ்மீனா, ஓயாமல் அசையும் உதடுகளோடு.
நடுவில் யாருடையதோ ஒரு கோழி.
கீழே இரண்டு பாம்புகள்.
எனக்கு எதிரே
வேலித் தகராறில் ஆறு வருடமாய் என்னோடு பேசாத செஃபெரினோ.
பாம்புகள் கடிக்கவில்லை.
செஃபெரினோவும் பேசவில்லை.

இரண்டாம் இரவு நான் கண்ணயர்ந்து சரிந்திருக்கிறேன்.
விழித்தபோது
அவனுடைய பெல்ட் என்னைக் கிளையோடு கட்டியிருந்தது.
ஒரு கையில் மரத்தையும்
மறு கையில் நழுவும் கால்சட்டையையும் பிடித்தபடி
விடிய விடிய உட்கார்ந்திருந்தான் அவன்.
சிரித்துவிட்டேன்.
செத்த மாடுகள் மிதந்து போகும் தண்ணீருக்கு மேலே,
வெட்கமே இல்லாமல்.

பிறகு நன்றி என்றேன்.
அவனுக்குத்தான் சொன்னேன்.
அவனுக்குக் கொடுத்த பிறகும்
அந்தச் சொல்லில் மிச்சம் இருந்தது.
சில்லறை மிஞ்சினால் சட்டைப்பையில் போடலாம்.
இதை எங்கே போடுவது?

நான்காம் நாள் படகு வந்தது.
செஃபெரினோவின் இளைய மகள் லூர்தெஸ்
எந்த மரத்திலும் இல்லை.

முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கூடாரம் அவனுக்கு.
தட்டில் சோளக் களி விழுந்ததும்
கண்ணை மூடி ஸ்தோத்திரம் என்பான்.
ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்:
எப்படியடா உனக்கு மனசு வருகிறது?
களியைப் பிட்டுக்கொண்டே சொன்னான்:
"இது களிக்கு.
லூர்தெஸுக்காக நான் அவரோடு போடும் சண்டை
ராத்திரியில். அது தனி."
அதன் பிறகு இரவுகளில்
கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம் அவன் முணுமுணுப்பதைக் கேட்பேன்.
ஆள் இல்லாத இடத்தில் யாரும்
இத்தனை கோபமாய்ப் பேசமாட்டார்கள்.

கோயிலின் கூரைத் தகடுகளைக் காற்று கொண்டுபோயிருந்தது.
நாலு மூங்கில் நட்டு நீலத் தார்ப்பாய் கட்டினார்கள்.
ஞாயிறன்று காற்று கொஞ்சம் அதிகம்.
மேற்கு மூங்கிலைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றாள் மனைவி.
அதற்காகத்தான் போனேன்.
பாதி உடம்பு நிழலில், பாதி வெயிலில்.

பாஸ்டர் முதலில் பேழைக் கதையை எடுத்தார்.
எதிரே இருந்த முகங்களைப் பார்த்தார்.
மூடி வைத்துவிட்டு,
இன்று பெயர்களை மட்டும் சொல்வோம் என்றார்.
ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள்.
ஜெர்வாசியோ. சின்ன ஜெர்வாசியோ. அல்ஸீரா.
உப்புக் கடையில் வேலை பார்த்த, பெயர் தெரியாத பையன்.
செஃபெரினோ எழுந்தான்.
வாய் திறந்தது, பெயர் வரவில்லை.

லூர்தெஸ் என்றேன் நான்,
மூங்கிலைப் பிடித்தபடி, சத்தமாக.
திரும்பிப் பார்த்தார்கள்.
பாடத் தொடங்கினார்கள்.
எனக்குள் எங்கோ கசிந்தது.
கண்டுபிடிக்கத் தண்ணீர்த் தொட்டி தேவைப்படவில்லை.

விட்டுவிட்டு வெளியே போயிருக்கலாம்.
போனால் கூரை அவர்கள் தலையில் விழும்.
நின்றேன்.
என் விசுவாசத்தின் தொடக்கம் இவ்வளவுதான்,
பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.
அந்த மிச்ச நன்றியை
அங்கே நின்றபடி மேலே அனுப்பினேன்,
முகவரி சரிதானா என்று தெரியாமலேயே.
திரும்பி வரவில்லை.

இப்போது கோயிலுக்குத் தகரக் கூரை வந்துவிட்டது.
கம்பம் பிடிக்க ஆள் வேண்டியதில்லை.
ஆனாலும் மேற்குப் பக்கம்தான் நிற்கிறேன்.
வேலி அடித்துப் போனதால் எல்லை எது என்று
எனக்கும் தெரியாது, செஃபெரினோவுக்கும் தெரியாது;
நடுவில் அவன் பூசணி போட்டிருக்கிறான், என் பக்கமாகவே படர்கிறது.
பெல்ட்டை நான் இன்னும் திருப்பித் தரவில்லை.
அவன் கயிறு கட்டிக்கொள்கிறான்.