மிச்சக் கணக்கு

மாதத்தின் இரண்டாம் சனி.
அஸ்தம்பட்டியில் ஒரு நடுநிலைப் பள்ளி, நான்காம் வகுப்பு அறை.
முட்டி இடிக்கும் பெஞ்சுகளில் உட்கார்கிறோம்,
பதினேழு சமையல்காரர்கள், ஆறு விவசாயிகள்,
நாகலூர் சத்துணவு அமைப்பாளர் நான்.
கரும்பலகையில் நேற்றைய பெருக்கல் அப்படியே இருக்கிறது.
அழிக்க மனம் வராமல்
ஓரத்தில் எழுதிக்கொள்கிறோம்.

இங்கே ஒரே ஒரு சட்டம்:
நன்றாக நடந்ததை டீ வந்த பிறகு சொல்லலாம்.
முதலில் மிச்சம்.
வாளியில் எத்தனை கிலோ திரும்பி வந்தது,
என்ன கிழமை, என்ன காய், ஏன்.

வெள்ளக்கடை இருசாயி எழுந்தாள்.
"சாமை. பதினோரு கிலோ.
களியும் இல்ல, சோறும் இல்ல,
சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்.
ஒரு பையன் தட்டக் கவுத்துக் காட்டறான், விழ மாட்டேங்குது.
கிளாஸே கை தட்டுது."

நாங்களும் சிரித்துவிட்டோம்.
அவள் சிரிக்கவில்லை.
அது அவள் கொல்லையில் விளைந்த சாமை,
அவள் வீட்டில் தினமும் உதிரி உதிரியாக வேகிற சாமை.

கோட்டை நூர்ஜஹான் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.
"எத்தன பேருக்கு?"
"தொண்ணூத்தாறு."
"அடுப்ப எப்ப அணைச்ச?"
"வெந்ததும்."
"அங்கதான்.
வீட்டுச் சட்டி, அணைச்சா அணைஞ்சுடும்.
அண்டா அணைச்ச பிறகும் வேகும்மா.
முக்கால் வேக்காட்டுல கேஸ மூடு,
மூடியச் சாய்ச்சு வை,
அப்புறம் அதப் பாக்காத."

ஏழெட்டு ஐம்பத்தாறுக்குப் பக்கத்தில்
'முக்கால் வேக்காடு' என்று எழுதினேன்.
சாக்பீஸ் உடைந்தது.

விவசாயிகள் பக்கம் மிச்சம் இருந்ததே இல்லை.
எடை சரி, ரசீது சரி, பணம்தான் இன்னும் வரலை என்பார்கள்.
அன்றைக்குக் கொட்டச்சேட்டுக்காரர் எழுந்தார்,
மலையின் பெயரையே வைத்திருக்கும் சேர்வராயன்.
"எங்கிட்டயும் இருக்குது.
அரை ஏக்கரா செடி பீன்ஸ்.
ஆடிப் பதினெட்டுக்கு ஊனினேன், உங்கள நம்பி.
அம்பத்தஞ்சாம் நாள் மூட்டை கட்டித் தூக்கிட்டு வந்தா
கேட்டுல பூட்டு.
காலாண்டு லீவாம்.
பூட்டப் பாத்துக்கிட்டே ஒரு பீடி குடிச்சேன்."

ஃபேன் சத்தம் மட்டும்.
லீவு என்றைக்கு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.
என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்
அந்தச் சுற்றறிக்கை ஜூனிலிருந்து கிடக்கிறது.
செடிக்கு யாரும் சொல்லவில்லை.

நூர்ஜஹான் ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றினார்.
பின்னாலிருந்து எண்ணினோம்.
சிவப்புத் தேதிகளைத் தாண்டி,
பொங்கல் லீவைத் தாண்டி,
தட்டில் பீன்ஸ் விழ வேண்டிய நாளிலிருந்து
விதை விழ வேண்டிய நாளுக்கு.
"பரீட்சை வாரத்துக்குப் பத்து கிலோ கொறைச்சுக்கங்க,
பிள்ளைங்க அரை வயிறுதான் திங்கும்,"
என்றாள் இருசாயி, தலை நிமிராமல்.
"மழை உங்க காலண்டரப் பாக்குமா?"
கடைசி பெஞ்சிலிருந்து யாரோ கேட்டார்.
அதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை.
டீ வந்தது. ஆறியிருந்தது.

ஏற்காடு பஸ்ஸில் சேர்வராயன் எனக்கு முன் சீட்டில்.
சுருட்டிய காலண்டரை
கண்டக்டர் இரண்டு முறை பார்த்தார், லக்கேஜ் போடலாமா என்று.

இதுவரை சொல்லாத ஒன்று.
போன மாதம், ஒரு புதன், நூல்கோல் கூட்டு.
என் நோட்டில் மிச்சம் பூஜ்யம் என்று இருக்கிறது.
வாளியை நானே வேலிக்குப் பின்னால் கொண்டுபோனேன்.
ஆடுகள் யாரிடமும் சொல்லவில்லை.

பதினேழாவது வளைவில் பேனாவை எடுத்தேன்.
பூஜ்யத்தை அடித்து, ஏழு என்று எழுதும்போது
பஸ் திரும்பியது.
ஏழு சாய்ந்து
வியாழக்கிழமைக்குள் விழுந்து கிடக்கிறது.
கிடக்கட்டும்.
அடுத்த சனி இப்படியே காட்டுவேன்.