சாரம்

யஷ்வந்த்பூர் சந்தையில் புட்டலட்சுமி
எனக்கென்று ஒதுக்கிவைக்கும் கேரட்
சமையலுக்கு ஆகாது.
முற்றியது. உள்ளே கட்டை பாய்ந்தது.
சாரிகா, பல்யக்கா என்பாள்.
ரசத்துக்குமில்லை பொரியலுக்குமில்லை
எலும்புக்கு
என்று சொல்ல வாய் வராது.

எலும்புக்குக் கன்னடத்தில் மூளெ.
வந்த புதிதில்
எலும்பு வார்டு வாசலில்
மூளெ முரிதிதெ என்று ஒருவர் அழ
தலையில் அடிபட்டவரைத் தேடினேன்.
கட்டுப் போட்ட கணுக்காலுடன்
ஒரு பையன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

வட்டமாக அரிந்து
சோப்புத் தண்ணீரில் போடுகிறோம்.
ஷாம்பூவில் நுரைக்கிற அதே சோப்பு.
இரவெல்லாம் தட்டு ஆடுகிறது.
மூன்றாம் நாள் நிறம் கழல்கிறது,
பிறகு வாசனை,
பிறகு கேரட்டின் ஜாதகம் மொத்தமும்.
ஆறாம் நாள் இடுக்கியில் வருவது
ஒரு வெள்ளை ஈரம்.
அடியில் செய்தித்தாள் வைத்தால்
தலைப்பை வாசிக்கலாம்.
சுவர்கள் மட்டும். அறை அறையாக.
ஒவ்வொன்றும் ஒரு தலைமயிரின் அகலம்.

கேரட்டின் சாரம் போய்
கேரட் என்கிற சாரம் நிற்கிறது.
இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்.
தமிழில் ஆய்வேடு எழுதினால்
முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வேன்.

குடிவருவது எண் பதினேழு.
பெண், அறுபத்துமூன்று, வலது இடுப்பு.
மாற்றி எறியவிருந்த எலும்பிலிருந்து
பிரித்து வளர்த்த செல்கள்.
சம்மதப் படிவத்தில் கட்டைவிரல் ரேகை,
மை சற்று அதிகம்.
பத்து மாத அட்வான்ஸ் கேட்காத வீடு
இந்த ஊரில்
இது ஒன்றுதான் அம்மா.

மார்ச்சில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் நாற்பது நிமிடம் யோசித்தது.
அந்த வாரமே பூஞ்சை.
இருபத்துநான்கு குழிகளிலும்
பிளீச்சிங் ஊற்றிவிட்டு
நானும் நஸ்னீனும் டீ குடித்தோம்.
அவள் பன்னைப் பிய்த்தாள்.
உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தது.
இருவரும் பார்த்தோம்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

மே மாதத்துத் தட்டில்
இருபத்தெட்டாம் நாள் சாயம் விட்டோம்.
கால்சியம் இருந்தால் சிவக்கும்.
சிவந்தது.
ஓரத்தில் கொஞ்சம், பிறகு திட்டுத் திட்டாக.
இடுக்கி பட்டபோது
டிக்
என்றது.
காய்கறி அப்படிச் சொல்லாது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்:
கட்டி முடிந்ததும் சாரத்தை எப்போது பிரிப்பீர்கள்?
மத்திகெரேயில் என் ஜன்னலுக்கு எதிரே
நீலகிரிக் கம்பங்களை அவிழ்த்து
லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் அன்று காலை.
கம்பம் செருகிய துளைகளைச் சிமெண்ட் பூசி மூடினான் ஒருவன்.
ஒன்றை மறந்தான். அதில் மைனா.
பிரிக்க முடியாது சார் என்றேன்.
மாட்டின் வயிறு கரைக்கும்,
மனித உடம்புக்கு அந்த வித்தை தெரியாது.
யார் காலில் வைக்கிறோமோ
அவரோடு நடக்கும், படியேறும்,
அவரோடு எரியும்.
சாம்பலில் இது கேரட் என்று
யாரும் பொறுக்கப்போவதில்லை.
அவர் குறித்துக்கொண்டார்.

எலிக்குப் போகவே இன்னும் அனுமதி வரவில்லை.

நேற்று புட்டலட்சுமியிடம்
துணிந்து சொல்லிவிட்டேன். மூளெகெ.
சிரித்தாள். இடது மணிக்கட்டைக் காட்டினாள்.
எப்போதோ கோணலாகக் கூடியது.
தராசுத் தட்டை அந்தக் கையால் தூக்குவதில்லை.
இன்னும் இரண்டு கேரட் போட்டு
நன்றாக வேகவை என்றாள்.
அந்தத் தண்ணீரை மட்டும் கொட்டிவிடாதே,
சாரமெல்லாம் அதில்தான்.