ஏழாம் எண் புட்டி

இரவு பன்னிரண்டுக்கு மேல்தான்
நரின் ஊரில் இணையம் மலிவு.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
அடுப்பின் விளிம்பில் காய்கின்றன என் கையுறைகள்,
செத்த எலிகள் இரண்டு மாதிரி.

கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.
படமில்லை, பொத்தானில்லை, மௌஸுக்கு வேலையில்லை.
பிஷ்கெக்கில் படிக்கும் எல்தியார்
நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனது.
ஷும்கார் என்று பேர் வைத்திருக்கிறான்,
எங்கள் பேச்சில் வேட்டை வல்லூறு.
ஒரு வரி தட்டி என்டர் அழுத்தினால் பறக்கும்.
எங்கிருந்தாவது கட்டுரையைக் கவ்விக்கொண்டு வரும்.
வராவிட்டால்
ஏன் வரவில்லை என்று ஓர் எண் சொல்லும்.

தொக்தோசுனின் பட்டியில் நாலு குதிரைகள்
ஒரே வாரத்தில் குட்டி வீசிவிட்டன.
ஐந்தாவது, தீனி தொடாமல் நிற்கிறதாம்.
எதற்கும் அசையாத மனுஷன்
போனில் என் பேரை மட்டும் சொன்னான்,
"புருல்சா."
அப்புறம் வைத்துவிட்டான்.

தேடு: குதிரை, கருச்சிதைவு.
ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
தேடு: குதிரை, கருச்சிதைவு, மேய்ச்சல் மந்தை, நடு ஆசியா.
இருநூற்றுப் பதினொன்று.
ஒரு காற்புள்ளியைத் தவறவிட்டேன்,
ஒட்டகங்கள் வந்தன.
மேற்கோள் குறி போட மறந்தேன்,
மரக்குதிரை பற்றிக்கூட ஒன்று வந்தது.
கேட்டதைத்தான் தரும் இது, நினைத்ததை அல்ல.
இந்த நேர்மை எனக்குப் பழக்கமில்லை;
அரசாங்க வேலை.

ஒன்றேகால் மணிக்குப் பதினெட்டாய்ச் சுருங்கியது.
பன்னிரண்டாவதில் எங்கள் ஊர்,
எழுத்துப் பிழையில்லாமல்.

எடு, பன்னிரண்டு.
நானூற்று மூன்று: அனுமதி இல்லை.
முப்பத்தொன்பது டாலர் வைத்தால் உண்டாம்.
இந்த அடுப்புக்குப் பல நாள் நிலக்கரி அது.

எடு, பன்னிரண்டு, திறந்த பிரதி இருந்தால்.
ஏதோ பல்கலைக்கழகத்தின் கிடங்கில்
அச்சுக்கு முந்தைய பிரதி ஒன்று
சும்மா கிடந்திருக்கிறது.
பத்து சதவீதம்.
பதினொன்று.
தொண்ணூற்றுநாலில் கரண்ட் போனது.
இருபது நிமிஷம் கழித்து
மானம் ரோஷம் பார்க்காமல்
விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது.

இரண்டாம் அட்டவணை, ஏழாம் வரி.
ந-7. பாசிட்டிவ்.

அந்தப் பேரை வைத்தவள் நான்.
ஆறு வருஷம் முன்னால், ஏப்ரலில்,
பதினோரு புட்டிகளில் மார்க்கர் பேனாவால் எழுதி
மீன் பெட்டியில் பனி நிரப்பி
ஜமீர்பெக்கின் வேனில் ஏற்றிவிட்டேன்.
பிஷ்கெக் போயின. அங்கிருந்து விமானம் ஏறின.
பதில் வரும் என்றார்கள்.
வந்துதான் இருக்கிறது,
பதினான்கு பக்கமாய், வரைபடங்களோடு,
எங்களைத் தவிர எல்லோருக்கும்.
கடைசிப் பத்தியில் நன்றி:
"உள்ளூர்ப் பணியாளர்களுக்கு."
பன்மை.
அன்று பனியில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

கோபத்தை அப்புறம் படலாம்.
எந்த மருந்து, எவ்வளவு,
எந்த மருந்துக்கு அது அடங்காது,
மூன்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

பிறகு பழைய பதிவேட்டைப் பரணிலிருந்து இறக்கினேன்.
இதற்குக் கட்டளை கிடையாது,
எச்சில் தொட்டுத்தான் புரட்ட வேண்டும்.
ந-7: கல்பூபூவின் சாம்பல் குதிரை,
வலக்கண் பூ விழுந்தது.
அந்த வருஷம் ஒன்பது குட்டி போயிற்று அவளுக்கு.
மந்தையை விற்றாள்.
மாஸ்கோவில் ஏதோ அலுவலகம் கூட்டுகிறாள் என்று கேள்வி.

கோப்புக்கு வல்லூறு வைத்த பேர்
முப்பது இலக்கமும் நாலு அடிக்கோடும்.
அழித்துவிட்டு வைத்தேன்:
கல்பூபூ, சாம்பல், வலக்கண்.

மணி ஐந்து.
ஜீப் கிளம்ப மாட்டேன் என்கிறது.
எஞ்சினில் ஊற்ற
வெந்நீர் வைத்திருக்கிறேன்.