பாலோ

சத்துவாச்சாரியில், பேட்டரிக் கடை மாடியில்
வாரம் மூன்று நாள் ஜெர்மன் வகுப்பு.
கட்டணம் இருபத்தெட்டாயிரம், இரண்டு தவணை.
முதல் தவணைக்குக் கம்மல் போனது.
இரண்டாவதை இன்னும் யோசிக்கவில்லை.

அங்கே கரண்டி ஆண், முள்கரண்டி பெண்.
கத்தி இரண்டுமில்லை.
நிலா ஆண், சூரியன் பெண்,
சின்னப் பெண் மட்டும் அஃறிணை.
ஏன் என்று கேட்டேன்.
ஏன் என்று கேட்பவர்கள் பாஸாவதில்லை என்றார்
என்னைவிட ஆறு வயது சின்னவரான சார்.

திணையும் பாலும் பள்ளிக்கூடத்தோடு
முடிந்துபோயின என்றிருந்தேன்.
முப்பத்தொன்றில் மறுபடியும்
மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே
கட்டிலுக்குப் பால் பார்க்கிறேன்,
தலையணைக்குப் பார்க்கிறேன், ஊசிக்குப் பார்க்கிறேன்.
வலி ஆணாம்.
பிரசவ வார்டில் நான்கு வருடம் இருந்தவளிடம்
சொல்கிறார்கள்.

அப்புறம் அந்த ஒலி.
நாக்கு ஈ சொல்லவேண்டும், உதடு ஊ சொல்லவேண்டும்,
இரண்டும் ஒரே நேரத்தில்.
விருதம்பட்டு போகும் பஸ்ஸில்
ஜன்னல் கண்ணாடி பார்த்து உதட்டைக் குவித்தேன்.
விசில் அடிக்கிறது என் வேலைம்மா என்றார் கண்டக்டர்.

ஒன்று மட்டும் பிடித்துப்போனது.
நீளமான சில வாக்கியங்களில்
வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது, நம்மைப் போலவே,
எல்லோரும் இறங்கியாயிற்றா என்று பார்த்துவிட்டு.
தெரியாத ஊரில், தெரியாத தெருவில்
டி.என். 23 வண்டி ஒன்றைப் பார்த்த மாதிரி
அன்றைக்கு முழுதும் சந்தோஷமாக இருந்தேன்.

வங்காளம் நான் படிக்கவில்லை.
அதற்கு வகுப்பில்லை, தவணையில்லை.
டெட்டால் வாசனை மாதிரி
வார்டில் கையோடு ஒட்டிக்கொண்டது.

ராஜ்சாகியிலிருந்து வந்த மொக்லேசுர் ரகுமான்,
பதினேழாம் கட்டில், தொடையில் கம்பி,
காய்ச்சல் ஏறிய இரவில்
ஜொல், ஜொல் என்றார்.
பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.
தண்ணீர். தண்ணீரைத்தான் கேட்டிருக்கிறார்.
பக்கத்துக் கட்டில்காரர் சொல்வதற்குள்
உதடு வெடித்திருந்தது.
அந்தச் சொல்லை நான் மனப்பாடம் செய்யவேயில்லை.
மறக்கவும் இல்லை.

காலையில் எப்படி இருக்கீங்க என்று
கையை ஆட்டிக் கேட்பேன்.
பாலோ, ஆபா, பாலோ என்பார்.
கான்டீனுக்கு ஆள் அனுப்பினேன்.
குடித்தார். மறுநாளும் குடித்தார்.
நன்றாக இருக்கிறேன் அக்கா என்று சொன்ன மனிதருக்கு
நான்கு நாள் பால் கொடுத்திருக்கிறேன்.

அவர் மொழியில் அவனும் ஷே, அவளும் ஷே.
விபத்தில் போனது மனைவியா மகனா என்று
மூன்று நாள் எனக்குத் தெரியவில்லை.
கேட்க என்னிடம் சொல்லும் இல்லை.
ஷே, ஷே என்று அவர் அழுதபோது
நானும் ஷே என்றேன், அவ்வளவுதான் முடிந்தது.
பிறகு செல்போனில் படம் காட்டினார்.
தம்பி. மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை.

அவர் காட்பாடியில் ரயில் ஏறிய மறுவாரம்
சென்னையில் எனக்கு வாய்மொழித் தேர்வு.
தேர்வாளர் அம்மா சிரித்த முகத்தோடு
எப்படி இருக்கிறீர்கள் என்று ஜெர்மனில் கேட்டார்.
எட்டு மாதம் உருப்போட்ட பதில்
தொண்டைக்குக் கீழேயே நின்றுகொண்டது.
முந்திக்கொண்டு வேறொன்று வந்தது.
பாலோ.
அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

ஐம்பத்தாறு. அறுபது வேண்டும்.

முடிவு வந்த இரவு கடைசி பஸ்.
பாலாற்றின்மேல் ஏறியபோது
எட்டிப் பார்த்தேன். பால் இல்லை, நீரும் இல்லை.
ஆறு ஆண். மணலும் ஆண்.
பாலம் பெண்.
பாலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லில்
அந்தப் பாழாய்ப்போன ஒலி இருக்கிறது.
கண்ணாடி பார்த்து உதட்டைக் குவித்தேன்.
இன்றைக்கென்று சரியாக வந்தது.

என்னம்மா, பரீட்சை என்னாச்சு என்று
டிக்கெட் பையை மூடியபடி கேட்டார் கண்டக்டர்.
நான் பதில் யோசிப்பதற்குள்
விசில் அடித்துவிட்டார்,
விருதம்பட்டு.