முகம் வைக்கும் ஓட்டை

வட டகோட்டாவில்
பனிவாரி லாரி ஓட்டுகிறவள் மார்லிஸ்.
இரவு இரண்டு மணிக்கு எழுந்து
பள்ளிப் பேருந்துகளுக்கு முன்னால்
ஐம்பத்திரண்டு மைல் வெள்ளையை
ஓரம் தள்ளியாக வேண்டும்.

வலியும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் எழுகிறது.
இடுப்பின் வலப்பக்கம் புறப்பட்டு
பிட்டத்தில் கொஞ்சம் நின்று
தொடையின் பின்புறம் இறங்கி
கெண்டைக்காலின் வெளியோரமாகப்
புறங்கால் கடந்து
பெருவிரல் வரை
ஒரு சுளீர்.
எந்த இயந்திரமும் வாராத சாலை அது.

பிரேக் மிதித்தால் வலி.
தும்மினால் வலி.
டென்னிஸ் பந்தின் மேல் உட்கார்ந்து
ஒரு டிசம்பர் முழுக்க ஓட்டினாள்.
பந்து தட்டையானதுதான் மிச்சம்.

ஹோக்ஹால்டரின் அறை
முன்பு வங்கியாக இருந்த கட்டடத்தில்.
பெட்டகத்தின் இரும்புக் கதவை
யாராலும் பெயர்க்க முடியவில்லை,
அதில் கோட்டு மாட்டுகிறார்கள்.
கைரோபிராக்டர் என்று பலகை.
பெயரின் முதலெழுத்திலேயே கை.
பன்னிரண்டு வயதில்
பசுவின் வயிற்றிலிருந்து கன்றை இழுத்த
பெரிய கை.

குப்புறப் படுக்கச் சொல்வார்.
மேசையின் தலைமாட்டில் ஓர் ஓட்டை.
அதில் முகத்தை வைத்தால்
உலகத்தில் மிச்சமிருப்பது
சாம்பல் தரைவிரிப்பும்
இரண்டு பழுப்புக் காலணிகளும்.
இடது காலணியின் நாடா
ஒருநாளும் இறுக்கிக் கட்டியதில்லை.

அந்தக் காலணிகளிடம்தான் எல்லாம் சொன்னாள்.
மகன் போன் எடுப்பதில்லை என்று.
ஜனவரியில் ஓர் அஞ்சல்பெட்டியை
லாரியால் சாய்த்துவிட்டு
காற்று என்று எழுதிக்கொடுத்ததை.

"மூச்சை விடு" என்பார்.
விட்டு முடிகிற இடத்தில்
நெட்டி முறியும்.
விரலில் அல்ல,
அவளுக்கு நட்ட நடுவில்.

இப்படிப் பதினொரு தடவை.
சில இரவுகள் தூங்கினாள்.
ஒருநாள் கடையில் குனிந்து
நாய்த்தீனி மூட்டையைத் தூக்கியே விட்டாள்.
கையாலா, காலத்தாலா,
சத்தியமாக எனக்குத் தெரியாது என்றார் அவர்.
அப்படிச் சொன்னதற்காகவே
மறுபடி வந்தாள்.

பன்னிரண்டாம் தடவை
சிரித்துக்கொண்டே நுழைந்தாள்.
நாலு நாளாக வலியே இல்லை,
லேசாக மரத்திருக்கிறது, அவ்வளவுதான்.
கண்ணுக்கெட்டிய தூரம்
மரமே இல்லாத ஊரில்
ஒரு கால் மரத்துப்போயிருந்தது.

அவர் சிரிக்கவில்லை.
குதிகாலால் நடக்கச் சொன்னார்.
வலது பாதம்
சப்பென்று விழுந்தது,
ஈரக் கையுறை விழுவதுபோல.
பெருவிரலை மேலே தூக்கு, விடாதே என்று
ஒற்றை விரலால் அழுத்தினார்.
சண்டையே போடாமல் அது படுத்துக்கொண்டது.
சிறுநீர் சரியாகப் போகிறதா என்றார்.
காலணியைப் பார்த்தபடி
போகிறது என்றாள்.

பழக்கத்தில் மேசையில் ஏறப்போனாள்.
"இன்று தொட மாட்டேன்."
இரண்டு கைகளையும்
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்,
வெளியே இருந்தால்
ஏதாவது செய்துவிடும் என்பதுபோல.

பிறகு ஒன்றை மட்டும் எடுத்து
மைனாட் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தார்.
ஸ்கேன். நாளை இல்லை, இன்றே.
லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்.
காத்திருந்த இருவரிடம் மன்னிப்புக் கேட்டு
தன் பிக்கப்பில் ஏற்றினார்.

தொண்ணூறு மைல்.
இருபது வருடத்தில் இந்தச் சாலையை அவள்
வலப்பக்க இருக்கையிலிருந்து பார்த்ததில்லை.
அவர் முகத்தையும்
இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.
காலணிகளிடம் சொன்னதெல்லாம்
இந்த முகத்துக்கும் போயிருக்கும் என்பது
பகல் வெளிச்சத்தில்
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

யாரோ வாரியிருந்தார்கள்,
ஓரத்தில் ஒரு சாண் விட்டுவிட்டு.
திட்டுவதற்கு வாயெடுத்தாள்.
அதற்குள் வந்தது அந்தத் திருப்பம்,
கழுத்துச் சாய்ந்து நிற்கும்
ஓர் அஞ்சல்பெட்டி.

"காற்று" என்றார்
சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்.