எட்டு ஓம்

கோத்தகிரி மஞ்சு
காகிதக் கூம்புக்குள் குடியேறி இரண்டு மழைக்காலம்.
தடித்த கம்பியைத் தொட்டால்
சளி பிடித்த எருமை.

கோவையிலிருந்து கடைசிப் பேருந்தில்
டிரைவர் சீட்டுக்குப் பின்னால்
ஏறி வந்தன இரண்டு ஸ்பீக்கர்:
ஒன்று கனத்த காந்தம், அறுபது வாட்ஸ்.
மற்றது லேசு, முப்பது.
பிடித்ததில் ஜோடி எடு,
மற்றதைத் திருப்பி அனுப்பு என்றான் கடைக்காரன்,
லாரிக் கூலி என்னுடையதாம்.

கனத்தது எல்லாவற்றையும் சொன்னது,
என் சுண்டுவிரல் தப்பியதையும்.
லேசானது அந்த இடத்தில்
மெல்ல இருமிக்கொண்டது.

ஞாயிறு கல்யாணத்துக்கு எது?
டிரம்ஸ் குச்சியால் முதுகு சொறிந்தபடி ஹாலன்.

தலா பதினாறு ஓம்.
பக்கவாட்டில் இணைத்தால் எட்டு,
ஆம்ப் கேட்பதும் அதுதான்.
இரண்டையும் மாட்டினேன்.

பின்பலகைக்குப் பத்துத் திருகு.
ஒன்றைக் காணோம்.
அந்த ஓட்டையில்
ஏற்கெனவே மஞ்சு.